முழுக்கவனப் பயிற்சி, மன அழுத்தம், மனநலம்: முக்கியக் குறிப்புகள்

மன அழுத்தம்
- மன அழுத்த ஆய்வின் முன்னோடி – ஹான்ஸ் செல்யே. 'நேச்சர்' இதழ்க் கட்டுரை, 1936.
- செல்யேயின் மூன்று நிலைகள் – எச்சரிக்கை, எதிர்ப்பு, களைப்பு (வரிசை மாறாது).
- 'போரிடு அல்லது தப்பியோடு' எதிர்வினை – வால்டர் கேனன்.
- ஹார்மோன் பாதை – ஹைபோதலாமஸ் → பிட்யூட்டரி → அட்ரினல் புறணி → கார்டிசால்.
- அட்ரினலின் சுரப்பது – அட்ரினல் அகணி.
- படபடப்பு – பரிவு நரம்புகள்; அமைதி – எதிர்ப்பரிவு நரம்புகள்.
- வேகஸ் – 10-வது மூளை நரம்பு. இதயத் துடிப்பைக் குறைப்பது.

முழுக்கவனம்
- வரையறை – நடப்பதை நடக்கும்போதே, நல்லது கெட்டது என்று தீர்ப்பிடாமல், முனைந்து கவனித்தல்.
- வேர் – பௌத்தம். எண்வழிப் பாதையின் 7-வது அங்கமான நற்கடைப்பிடி.
- கவனத்தின் நான்கு தளங்கள் – உடல், உணர்வு, மனம், தம்மம் (மனத்தில் எழும் பொருள்கள்).
- மருத்துவத் துறையில் முதல் வடிவம் – எம்பிஎஸ்ஆர் (முழுக்கவன வழி மன அழுத்தக் குறைப்பு), ஜான் கபாட்-ஜின், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையம், 1979.
- எம்பிஎஸ்ஆர் காலம் – 8 வாரங்கள்; கூறுகள் – மூச்சைக் கவனித்தல், உடலை உறுப்பு உறுப்பாகக் கவனித்தல், எளிய யோகா.
- எம்பிசிடி (முழுக்கவன வழி அறிதிறன் சிகிச்சை) – மனச்சோர்வு மீண்டும் வராமல் தடுக்கும் முறை. உருவாக்கியோர் – சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல்.
- ஜாமா சைக்கியாட்ரி ஆய்வு (2022) – பதற்றக் கோளாறு உள்ள 276 பேர். எம்பிஎஸ்ஆர் பயன், எஸ்சிடலோபிராம் மருந்தின் பயனுக்குக் குறையாதது.

விபாசனா: திருமுடிவாக்கம்
- தம்ம சேது – குன்றத்தூர் அருகே, திருமுடிவாக்கம். சென்னையின் விபாசனா (பௌத்த மரபுத் தியான முறை) மையம்.
- மரபு – சயாஜி ஊ பா கின் (மியான்மர்) → எஸ்.என்.கோயங்கா.
- கோயங்கா – பிறப்பு மாண்டலே, 1924, இந்தியாவில் முதல் முகாம் மும்பை, 1969, பத்மபூஷண் 2012, மறைவு 2013.
- தலைமை மையம் – தம்ம கிரி, இகத்புரி (மகாராஷ்டிரம்).
- முகாம் – 10 நாள், கட்டணம் இல்லை, செலவுக்கு ஆதாரம் பழைய மாணவர்களின் நன்கொடை.
- எழுப்பும் மணி – அதிகாலை 4.00, நாளொன்றுக்குத் தியானம் சுமார் 10 மணி நேரம்.
- ஆனாபானா (மூச்சைக் கவனித்தல்) – முதல் 3 நாள். விபாசனா – 4-வது நாள் முதல். மெத்தா (அன்பு பரப்புதல்) – 10-வது நாள்.
- திகார் சிறையில் 1,000-க்கும் மேற்பட்ட கைதிகளுக்கு முகாம் – 1994. சிறைத்துறைத் தலைவர் கிரண் பேடி.
- கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு 10 நாள் முகாம் பரிந்துரைக்கப்படுவதில்லை.

மேற்குச் சென்னை: மனநல அமைப்புகள்
- ஸ்கார்ஃப் (மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி அறக்கட்டளை) – அண்ணா நகர் மேற்கு விரிவு, 1984, நிறுவியவர் டாக்டர் சாரதா மேனன்.
- சாரதா மேனன் (1923–2021) – இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர், பத்மபூஷண் 1992.
- தி பேனியன் – முகப்பேர், 1993, வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார், வீடற்ற, மனநோயுற்ற பெண்களுக்கான காப்பகமாகத் தொடக்கம்.
- கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் – தோற்றம் 1794.
- மாவட்ட மனநலத் திட்டம் – 1996; தாய்த் திட்டமான தேசிய மனநலத் திட்டம் – 1982.
- எந்த ஊர் எந்த மாவட்டத் திட்டத்தில்: ஆவடி, பூந்தமல்லி – திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூர் – 2018 முதல் சென்னை மாவட்டம்.

சட்டம்
- மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 – நடைமுறை 2018. நீக்கப்பட்டது 1987 மனநலச் சட்டம்.
- பிரிவு 18 – மனநலச் சேவை பெறும் உரிமை.
- பிரிவு 115 – தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே அனுமானம்; பராமரிப்பு, சிகிச்சை, மறுவாழ்வு அரசின் கடமை.

நாள்கள்
- சர்வதேச யோகா நாள் – ஜூன் 21 (முதல் முறை 2015).
- உலகத் தற்கொலைத் தடுப்பு நாள் – செப்டம்பர் 10.
- உலக மனநல நாள் – அக்டோபர் 10 (1992 முதல்).
- உலகத் தியான நாள் – டிசம்பர் 21 (முதல் முறை 2024).

வேறுபாடு: எந்த நிலைக்கு எந்த உதவி
- அன்றாட அழுத்தம் – முழுக்கவனப் பயிற்சி.
- 2 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் மனச்சோர்வு – மனநல மருத்துவர்; பயிற்சி துணை மட்டுமே.
- தற்கொலை எண்ணம் – கீழுள்ள உதவி எண்களுக்கு உடனடி அழைப்பு.

உதவி எண்கள்
- டெலி மானஸ் (தேசியத் தொலைபேசி மனநல சேவை) – 14416, தொடக்கம் 10.10.2022, 24 மணி நேரமும், கட்டணமின்றி, தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை'.
- தமிழ்நாடு மருத்துவ உதவி எண் – 104.
- சினேகா (தற்கொலைத் தடுப்பு அமைப்பு) – சென்னை, 1986, நிறுவியவர் டாக்டர் லட்சுமி விஜயகுமார், 044-24640050.