நாய் உணவை மறுத்தல்

வாயில்லாப் பிராணி என்று நாயைக் கூறுதல் உலக வழக்கு. ஆயினும் தனக்குற்ற நோயை அது முதன்முதல் அறிவிப்பது பெரும்பாலும் வாயினாலேதான். வைத்த சோற்றை முகர்ந்து பார்த்து அகன்று செல்லும் நாய், பேசத் தெரிந்தவர் பத்து வாக்கியங்களிற் கூறுவதை அவ்வொரு செயலாற் கூறிவிடுகின்றது. அதனைப் பொருள் செய்துகொள்ளும் பொறுப்பு வளர்ப்பவரைச் சார்ந்தது. அம்மொழியின் அரிச்சுவடியையேனும் மாணவ நண்பர்கட்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

உண்ணாமை ஒரு நோயன்று, நோயின் அடையாளம். பசி வேறு, உணவில் விருப்பம் வேறு என்பதை முதலில் உணர்தல் வேண்டும். ருஷ்ய தேசத்துப் பாவ்லவ் என்னும் அறிஞர், நாய் விழுங்கிய உணவு இரைப்பைக்குச் செல்லாது கழுத்திலிட்ட துவாரத்தின் வழியே வெளியே விழுமாறு செய்து சோதித்தார். உணவு ஒரு துணுக்கேனும் உள்ளே செல்லாதிருந்தும், சில நிமிஷங்களில் இரைப்பையிற் சீரணநீர் சுரந்தது. சுரப்பித்தது விருப்பமே. சீரணத்தைப் பற்றிய இவ்வாராய்ச்சிகளுக்காக 1904ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. விருப்பமில்லாத நாயின் வாயைத் திறந்து சோற்றைத் திணிப்போர் இச்சோதனையை நினைத்துக்கொள்வாராக. உடம்பிற் கிருமிகள் புகுந்தால், அவற்றை எதிர்க்கும் அணுக்கள் வெளிவிடும் சில பொருள்கள் மூளையை அடைந்து உணவு விருப்பத்தை அடக்குகின்றன. ஆதலின் காய்ச்சலுற்ற நாய் உண்ணாதிருத்தல் பிடிவாதமன்று.

இனி, உண்ணாத நாயைக் கண்டவுடன் கேட்கவேண்டிய முதற் கேள்வி ஒன்றுண்டு: இது வேண்டாமென்கின்றதா, மாட்டாமென்கின்றதா? தட்டை நோக்கி ஆவலோடு ஓடிவந்து, ஒரு கவளம் எடுத்துக் கீழே போட்டுவிட்டு ஏக்கத்துடன் நிற்கும் நாய்க்கு விருப்பம் உண்டு, வலிமையே இல்லை. சொத்தைப் பல், ஈறு வீக்கம், பற்களுக்கிடையிற் சிக்கிய எலும்புத் துண்டு முதலியன காரணமாகலாம். ஆனால் ஈண்டு ஓர் எச்சரிக்கை. வெறிநோயின் ஒரு வகையில் நாய் எவரையும் துரத்துவதில்லை. தாடை தொங்க, எச்சில் ஒழுக, விழுங்க மாட்டாது மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியதென்று எண்ணி, இரக்கத்தால் அதன் வாயிற் கையை விடுதல் உயிருக்கே அபாயம். அத்தகைய நாயை அணுகாமல் அடைத்துவைத்து வைத்தியருக்குச் சொல்லுக. எச்சில் புண்ணிற் பட்டாலும், பல் கீறினாலும், பதினைந்து நிமிஷம் ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுக் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ளல் வேண்டும்.

வேண்டாமென்னும் நாய்க்கு எளிய காரணங்களும் உண்டு. கோடை வெப்பத்தில் நாய்கள் குறைவாக உண்ணும். ஈனும் நிலையிலுள்ள பெண் நாய் அதற்கு முந்திய நாளில் உணவை வெறுப்பது இயல்பு. வீட்டில் ஒருவர் பிரிந்தாலும் சில நாய்கள் வாடும். மாணவர் விடுதி நாய்களைப் பற்றியோ சொல்லவேண்டியதில்லை. நான்கு அறைகளிற் சிற்றுண்டி அருந்திவிட்டு, ஐந்தாம் அறையில் நோன்பிருப்பதாக நடிக்கும் வித்தை அவற்றிற்குக் கைவந்தது!

இத்தகைய எளிய காரணத்தை நம்பியே யான் ஒருமுறை கெட்டேன். என் மகன் மேற்படிப்பிற்காக வெளியூர் சென்ற வாரத்தில், அவன் வளர்த்த நாட்டுநாய் உண்ணாது படுத்தது. பிரிவாற்றாமை என்று வீட்டார் அனைவரும் உருகினோம். மூன்று நாள் அவ்வுருக்கத்திலேயே கழிந்தது. நான்காம் நாள் அதன் மூக்கினின்று இரத்தம் கசியக் கண்டு வைத்தியரிடம் கொண்டோடினோம். அவர் செவியின் உட்புறத்தை விரித்துக் காட்டினார். கடுகு சிதறினாற்போல உண்ணிகள். இரத்தத்திற் கிருமி பரவி, இரத்தம் உறைதற்குரிய தட்டணுக்கள் மிகக் குறைந்திருந்தன. உண்ணியால் வந்த உண்ணாமை அது. டாக்ஸிசைக்ளின் என்னும் மருந்தைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் பெரும்பாலும் குணமாகும் நோய். நாங்கள் காலந்தாழ்த்தோம். ஆறாம் நாள் அது இறந்தது. மகனுக்கு எழுதிய கடிதத்தில் மூன்று நாள் காத்திருந்த செய்தியை யான் எழுதவில்லை.

அன்று யான் பாராமல் விட்டவற்றைக் கூறுகின்றேன். உதட்டை உயர்த்தி ஈற்றைப் பார்க்க. அது இளஞ்சிவப்பாய் இருத்தல் வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்பவேண்டும். வெளுத்திருந்தால் இரத்தக் குறைவு; மஞ்சளாயிருந்தால் காமாலை. சில நாய்களுக்கு ஈறு பிறப்பிலேயே கருத்திருக்கும். அவற்றிற்குக் கீழிமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். பிடரித் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியவேண்டும். மடிந்தே நின்றால் உடம்பில் நீர் வற்றியது. குதத்தில் வெப்பமானி வைத்துப் பார்த்தால் 101 முதல் 102.5 பாகை பாரன்ஹீட் வரை நாய்க்கு இயல்பான சூடு. 103க்கு மேற்பட்டால் காய்ச்சல் என ஐயுறுக. மூக்கு ஈரமாயிருக்கின்றதா என்று மட்டும் பார்த்துத் திருப்தியடைதல் வீண்.

நோயற்ற வளர்ந்த நாய், வேறு குறியொன்றும் இன்றி, நீரருந்தி வாலாட்டிக்கொண்டிருப்பின் ஒருநாள் பொறுக்கலாம். அதற்குமேற் பொறுத்தல் தகாது. சிறு குட்டிகளுக்கோ பன்னிரண்டு மணி நேரமும் நீண்ட காலமே. தடுப்பூசி போடாத குட்டி உண்ணாது வாந்தியெடுத்து இரத்தங் கலந்து கழியுமாயின், அது 1978இல் கண்டறியப்பட்ட பார்வோ என்னும் நோயாதல் கூடும். ஒரு மணி நேரமும் தாமதியாதிருக்க. வயிறு பொருமி, வாந்தி வாராமல் ஓங்கரிக்கும் பெரிய நாய்க்கும் அவ்வாறே. பருவங்கழிந்த சில வாரங்களிற் பெண் நாய் உணவை விட்டு நீரை மிகுதியாகக் குடிப்பின், கருப்பையிற் சீழ் கட்டியிருக்கலாம்.

வைத்தியர் பெரிய தீங்கில்லை என்றபின், வெங்காயமும் உப்பும் இடாத கோழிக்குழம்பு நீரிற் சோற்றைக் குழைத்து, இளஞ்சூட்டில் சிறிதளவு வைக்கலாம். சூடு மணத்தை எழுப்பும், மணம் விருப்பத்தை எழுப்பும். கால் மணி நேரத்தில் உண்ணாவிடின் எடுத்துவிடுக. பாலை வாயில் ஊற்றினால் நுரையீரலிற் புகும். நாம் உண்ணும் காய்ச்சல் மாத்திரைகளைக் கையாலும் தொடாதீர்கள். இபுப்ரோபென் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

வைத்தியரிடம் செல்லுங்கால், நாய் கடைசியாக உண்டது எப்பொழுது, நீர் குடித்ததா, கழிந்தது எவ்வாறு, தடுப்பூசி எப்பொழுது போடப்பட்டது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்க. புறப்படுமுன் செவிகளையும் விரலிடுக்குகளையும் ஒருமுறை விரித்துப் பார்த்துவிடுக.