பயன் பெற்றவர் பேணும் பொது இடம்

மகாராஷ்டிர மாநிலத்து நாசிக் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைமீது இகத்புரி என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள தம்மகிரி நிலையத்தில், புத்தர் பெருமான் காட்டிய விபாசனா தியானம் 1976 முதல் கற்பிக்கப்பட்டு வருகிறது. இதனை நிறுவியவர் சத்திய நாராயண கோயங்கா (1924–2013). பர்மாவில் பிறந்து வணிகம் செய்து வந்த அவர், ஊ பா கின் என்ற ஆசிரியரிடம் 14 ஆண்டுகள் பயின்றபின் 1969-இல் இந்தியாவுக்கு வந்தவர். தியான முறையை ஆராய்வது நம் நோக்கமன்று. பலருக்குப் பொதுவான ஓர் இடம் எவ்வாறு பேணப்படுகிறது என்பதே நாம் கற்க வேண்டிய பாடமாகும்.

அங்கு முதற்பயிற்சி 10 நாட்கள். பயில்வோர் அதிகாலை 4 மணிக்கு எழுந்து, மௌன விரதம் காத்துத் தியானம் செய்வர். போதனைக்கோ, உணவுக்கோ, உறையுளுக்கோ கட்டணம் இல்லை. அவ்வாறாயின் செலவு எவ்வாறு நடைபெறுகிறது? 10 நாள் பயிற்சியை ஒருமுறையேனும் நிறைவேற்றியவரிடமிருந்து மட்டுமே நன்கொடை பெறப்படுகிறது. நேற்றுப் பயின்றவர் அளித்ததை இன்று வந்தவர் உண்கிறார். இன்று வந்தவர் அளிப்பது நாளை வருவோர்க்கு உதவும்.

தொண்டர்க்கும் இதே விதி. பயிற்சியை முடித்தவரே அங்குத் தொண்டு செய்ய இயலும். அவர் ஊதியம் பெறுவதில்லை. மணி அடித்தல், உணவு பரிமாறுதல், தூய்மை காத்தல், பயில்வோர் குறைகளைக் கேட்டு ஆவன செய்தல் முதலியன அவர்தம் கடமைகள். கொல்லாமை, களவாமை, பொய்யாமை, ஒழுக்கம் வழுவாமை, மது அருந்தாமை ஆகிய ஐந்தையும் அவரும் கடைப்பிடித்தல் வேண்டும். வேலை எத்துணை இருப்பினும், நாளொன்றுக்கு மும்முறை, ஒவ்வொரு மணி நேரம், பிறருடன் அமர்ந்து அவரும் தியானம் செய்வார்.

இதனால் நாம் அறிவன இரண்டு. பயனை நுகர்ந்தவனுக்கே அவ்விடத்தின் குறை தெரியும். ஆதலின் அவன் கைபட்ட பராமரிப்பு நிலைத்து நிற்கும். மேலும், தொண்டு வெறும் ஆர்வத்தால் மட்டும் நடவாது. வகுத்த முறையும், தொண்டருக்கு உரிய ஓய்வும் வேண்டும்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. தியான நிலையம் பிழைப்புக்காக ஏற்பட்டதன்று. நம் சங்கமோ நெசவாளரும் பயிரிடுவோரும் தம் வாழ்வுக்காக அமைத்துக்கொண்டது. பாவோடுதல், சாயம் தோய்த்தல், மூட்டை சுமத்தல் ஆகியவை கூலிக்குரிய வேலைகள். தொண்டு என்ற பெயரால் அக்கூலியைப் பறித்தல் ஏழையின் வயிற்றில் அடிப்பதாகும், அது கூட்டுறவாகாது. ஆனால், கூலியாள் எவரும் அமர்த்தப்படாமல் கேட்பாரற்றுக் கிடக்கும் பொதுவேலைகள் சில உண்டு. மழைக்கு முன்னர்க் கிடங்கின் ஓடுகளைச் சரிசெய்தல், நூற்கட்டுகளில் ஈரம் படியாமல் நோக்குதல், களத்தைச் சுற்றியுள்ள புதர்களைக் களைதல் ஆகியவற்றை உறுப்பினரே முறைவைத்துச் செய்யலாம். கூரை ஒழுகி நூல் பாழானால், அந்நட்டம் நம் அனைவர் பங்கிலும் விழும் அல்லவா?

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்கான வினாக்கள்:

1. நம் சங்கக் கட்டடத்தில் எவருடைய பொறுப்பிலும் இல்லாத வேலைகள் எவை?
2. அவற்றுள் கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டியவை எவை? உறுப்பினர் செய்யத்தக்கவை எவை?
3. நெசவாளர்க்கும் பயிரிடுவோர்க்கும் ஓய்வு கிடைக்கும் காலங்களை அறிந்து, முறைப்பட்டியலை எவ்வாறு அமைக்கலாம்?