பேரேட்டிலிருந்து கணினிக்கு

வாடிக்கையாளர் விவரங்களைப் புதிய மென்பொருளுக்கு மாற்றுதல் என்றால் பெருநகர வங்கிகளும் வணிக நிறுவனங்களுமே நம் நினைவுக்கு வரும். ஆனால், நம் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் இதே பணி நடைபெறுகிறது. 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துடன் தொடங்கிய இவ்வியக்கத்தில் பேரேடே நெடுங்காலம் உயிர்நாடியாக இருந்தது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம், நாட்டிலுள்ள 63,000 சங்கங்களை ரூ. 2,516 கோடி செலவில் கணினிமயமாக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அனைத்துச் சங்கங்களுக்கும் பொதுவான ஒரே மென்பொருள் என்பதே இத்திட்டத்தின் சிறப்பு. நபார்டு வங்கி இதை முன்னின்று நடத்துகிறது.

கோடை விடுமுறையில் இராசிபுரம் வட்டத்திலுள்ள ஒரு சங்கத்தில், செயலரின் இசைவுடன் சில நாட்கள் இப்பணிக்கு உதவினேன். அங்கு நான் கண்டவற்றை வணிகவியல் பயிலும் நண்பர்களுக்குச் சொல்லத் தோன்றியது.

முதலில் ஒரு நாளை வரையறுத்து, அன்றைய கணக்கை முடிக்கிறார்கள். ஒவ்வோர் உறுப்பினரின் பங்குத்தொகை, வைப்பு, பயிர்க்கடன், நகைக்கடன் ஆகியவற்றின் நிலுவை பட்டியலாகிப் புதிய மென்பொருளில் ஏறுகிறது. பின் சில காலம் பழைய ஏடும் புதிய கணினியும் இணையாக நடக்கின்றன. சொல்வதற்கு எளிது, உட்கார்ந்து செய்தவர்க்கே அதன் அருமை தெரியும்!

இருப்பாய்வு பொருந்திவிட்டால் பணி முடிந்தது என்றே நானும் எண்ணியிருந்தேன். ஆனால் நாம் முதலாண்டிலேயே படித்த பாடம் இங்கே உயிர்பெறுகிறது. ஒரு பழனியம்மாளின் வைப்புத்தொகை மற்றொரு பழனியம்மாளின் கணக்கில் ஏறினால் மொத்தத்தில் ஒரு பைசாவும் குறையாது. பற்றும் வரவும் ஒத்துப்போகும். இருப்பாய்வு காட்டிக்கொடுக்காத பிழை இதுவே. தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவாக வந்த இதற்கு ஒரு குடும்பத்தின் சேமிப்பையே இடம் மாற்றும் ஆற்றல் உண்டு.

பெயர்க்குழப்பம் நம் பகுதியில் சற்று மிகுதி. பழனிசாமியும் முத்துசாமியும் தெருவுக்கு நால்வர் இருக்கிறார்கள். தலைப்பெழுத்து ஓர் ஏட்டில் 'இரா.', மற்றொன்றில் 'ரா.', ஆதார் அட்டையில் ஆங்கில 'ஆர்'. மூன்றும் ஒருவரே என்பதைக் கணினி எப்படி அறியும்? நாமக்கல் மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1997இல். அதற்கு முன் சேர்ந்த உறுப்பினர்களின் முகவரியில் இன்றும் சேலம் மாவட்டமே நிற்கிறது. இறந்துபோன உறுப்பினர்களின் பெயர்களும் இருந்தன. அவர்களின் வாரிசைத் தேடுவது தனி வேலை.

இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கலாம். 2021இல் தமிழக அரசு, ஒரு குடும்பத்துக்கு ஐந்து பவுன் வரையிலான கூட்டுறவு நகைக்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. 48 லட்சத்துக்கும் மேற்பட்ட கடன்களின் விவரங்கள் தொகுக்கப்பட்டு, தகுதி ஆராயப்பட்டது. இத்தகைய ஆய்வில் ஆதார் எண்ணிலோ குடும்ப அட்டை எண்ணிலோ ஓர் இலக்கம் பிறழ்ந்தால், தகுதியுள்ளவரும் தகுதியற்றவராகத் தோன்றக்கூடும். மரவள்ளிக்கு உரம் வாங்க மனைவியின் தோட்டை அடகு வைத்தவருக்கு அது வெறும் தட்டச்சுப் பிழையன்று.

நான் பார்த்த சங்கத்தில் கண்ட வழி எனக்குப் பிடித்திருந்தது. பதிவேற்றும் முன் பட்டியலை அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். தொகை இல்லை, பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், ஊர், உறுப்பினர் எண் மட்டும். பாஸ்புத்தகத்துடன் வருமாறு சொல்லியனுப்பினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்தர் உரக்கப் படித்துக் காட்டினார். "அது நானில்லைங்க, அது கிணத்துக்காட்டுப் பழனியம்மா" என்று ஒரு மூதாட்டி திருத்தினார். எந்த மென்பொருளும் அதைக் கண்டுபிடித்திருக்காது.

பழைய பேரேட்டின் ஓரங்களில் பென்சிலால் இப்படித்தான் எழுதியிருந்தது: மேட்டுக்காடு, கிணத்துக்காடு, பெரிய வீடு. எழுத்தர்கள் தலைமுறையாகச் சேர்த்த அடையாளங்கள் அவை. புதிய மென்பொருளில் அவற்றுக்கென்று ஒரு கட்டம் இல்லை. செயலர் சற்று யோசித்துவிட்டு, முகவரியின் இரண்டாம் வரியில் அவற்றை ஏற்றச் சொன்னார்.