கார் பாலத்தைத் தாண்டிடும், இன்சூரன்ஸ் தாண்டுமா?

போன செமஸ்டர் லீவுல சிங்கப்பூர்ல இருக்கிற மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். ரெண்டு நாள் மலாக்கா போய்ட்டு வரலாம்னு வாடகை கார் எடுக்கப் போனோம். கவுன்ட்டர்ல இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "மலேசியாவுக்குக் கொண்டு போவீங்களா?" மாமா சட்டுனு பதில் சொல்லல. ஆமான்னா நாளுக்கு இவ்வளவுன்னு கூடுதல் கட்டணம். இல்லைன்னு சொல்லிட்டு ஓட்டிட்டுப் போனா யாருக்குத் தெரியப் போகுது? அதுதான் அவர் போட்ட கணக்கு. அந்தக் கணக்கு எங்க உதைக்குதுன்னு பார்க்கலாம் வாங்க. நம்ம பேட்ச்லயே பாதி பேர் வெளிநாடு போகப் போறீங்க, எப்படியும் உதவும்.

ஒரு கார் பார்டரைக் கடக்கும்போது கண்ணுக்குத் தெரியறது ஒரு வண்டிதான். ஆனா கடக்கறது மூணு விஷயம்: ஆள், வண்டி, அந்த வண்டியோட இன்சூரன்ஸ். மூணுக்கும் அனுமதி தர்றவங்க வேற வேற. பாஸ்போர்ட்டைப் பார்க்கிற அதிகாரி உங்க வாடகை ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்க்க மாட்டார். அதனால கேட் திறந்ததும் எல்லாம் ஓகேன்னு நினைச்சுடறோம்.

முதல்ல இன்சூரன்ஸ். மோட்டார் பாலிசி எந்த ஊர் வரைக்கும் செல்லும்னு அதுலயே எழுதியிருக்கும். சிங்கப்பூர் கார்களுக்கு மேற்கு மலேசியாவும் சேர்ந்து வர்றது வழக்கம். ஆனா வாடகை கார்ல அது கம்பெனி அனுமதி கொடுத்தா மட்டும்தான். சொல்லாம கொண்டு போய் எங்கயாவது இடிச்சா, ஒப்பந்தத்தை மீறினது நீங்க, இன்சூரன்ஸ் கையை விரிச்சிடலாம். அப்போ வண்டியோட முழு விலையும் உங்க தலையில. சிங்கப்பூர்ல கார் வாங்க அரசு ஏலத்துல தனியா ஒரு சான்றிதழ் எடுக்கணும், அது 10 வருஷத்துக்குத்தான் செல்லும். அதனால சாதாரண செடானே ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டும். நம்ம காசுல 60 லட்சத்துக்கு மேல! மாமா மிச்சம் பிடிக்கப் பார்த்தது ரெண்டு நாள் சாப்பாட்டுக் காசு. இன்னொருத்தருக்கு அடிபட்டா என்ன ஆகும்னு நான் கணக்கே போடல.

அனுமதி வாங்கினாலும் "எக்ஸஸ்" எவ்வளவுன்னு கேளுங்க. விபத்து நடந்தா முதல்ல நம்ம கையிலிருந்து கட்டவேண்டிய தொகை அது. மலேசியாவுக்குள்ள அது கூடுதலா இருக்கலாம். வண்டி நடுவழியில நின்னா யார் இழுத்துட்டு வருவாங்கன்னும் கேட்டுக்கோங்க. மலேசியாவில் விபத்து நடந்தா 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல சொல்லியாகணும்.

அடுத்து வண்டி. சிங்கப்பூர்ப் பதிவு வண்டிக்கு மலேசியாவோட வி.இ.பி. அனுமதி வேணும். 2025 ஜூலை 1-லிருந்து அது இல்லாத தனியார் வண்டிகளுக்கு 300 ரிங்கிட் அபராதம். இதைப் பதிவு பண்ண வேண்டியது வண்டி உரிமையாளர், அதாவது வாடகைக் கம்பெனி. நீங்க டேக் ஒட்டியிருக்கான்னு பார்த்து வாங்கினா போதும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பெட்ரோல் விதிதான். மலேசியாவில் பெட்ரோல் விலை ரொம்பக் கம்மி. எல்லாரும் காலி டேங்கோட போய் நிரப்பிட்டு வந்துடக்கூடாதுன்னு, சிங்கப்பூரை விட்டு வெளியேறும் சிங்கப்பூர் வண்டியில குறைஞ்சது முக்கால் டேங்க் இருக்கணும்னு சட்டம். இல்லன்னா 500 டாலர் வரைக்கும் அபராதம். அதிகாரி பார்க்கிறது டேஷ்போர்டு முள்ளை. டேங்குக்குள்ள ஒரு மிதவை ஏறி இறங்க, ரெசிஸ்டன்ஸ் மாறும், அதை முள் காட்டும். முதல் வருஷ லேப்ல பார்த்த பொட்டன்ஷியோமீட்டர் கதைதான். சரிவுல நின்னா முள்ளும் கொஞ்சம் ஏமாத்தும், அதனால கோட்டுக்கு மேலயே வெச்சுக்கோங்க. முள்ளைத் திருத்தி வெச்சா அதுவும் குற்றம்.

எங்க கையில வந்த கார்ல பாதி டேங்க்தான் இருந்தது. கம்பெனிக்காரர் ஒரு வார்த்தை சொல்லல. உட்லண்ட்ஸ் போற வழியில அத்தைதான் கவனிச்சாங்க. சிங்கப்பூர் விலைக்கே நிரப்பினோம். மலேசியாவில் போடும்போது மஞ்சள் கைப்பிடியைத் தொடாதீங்க. அது மானிய ரான் 95, வெளிநாட்டு வண்டிக்குத் தடை. பச்சை ரான் 97 போடலாம்.

கடைசியா ஆள், அதாவது நான். போறதுக்கு மலேசியாவோட டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைன்ல நிரப்பினேன். திரும்பி வர்றதுதான் பெரிய விஷயம். 1924-ல திறந்த அந்தப் பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனா அந்தப் பக்கம் கால் வெச்சா சிங்கப்பூரை விட்டு வெளியேறின கணக்கு. விசா ஒரே ஒரு முறை நுழையறதுக்கு மட்டும்னா, கார் வீட்டுக்கு வரும், நீங்க ஜோகூர்ல நிப்பீங்க. என் விசாவில் பலமுறைன்னு இருந்ததை நாலு தடவை படிச்சுப் பார்த்தேன். சிங்கப்பூர் வருகை அட்டையையும் புதுசா நிரப்பணும்.

ஓட்டினது மாமாதான். 21 வயசுக்காரனுக்கு வண்டி தர நிறைய கம்பெனி யோசிக்கும்.

அன்னைக்குக் கவுன்ட்டர்ல அந்த ஒப்பந்தத்தை நான்தான் வாங்கிப் படிச்சேன். எல்லை தாண்டறது பத்தின வரி ரெண்டாம் பக்கத்துல, பொடி எழுத்துல இருந்தது. விரலை வெச்சுக் காட்டினேன். மாமா கண்ணாடியைப் போட்டு ரெண்டு தடவை படிச்சார். அப்புறம் கார்டை எடுத்து நீட்டி, "மலேசியா போறோம் சார், அதையும் சேர்த்துப் போடுங்க"ன்னார்.