ஆங்கிலம் அறிவோம்: தவறென்று நிறுவத்தக்க கூற்று

பத்து காஜா வட்டாரத் தோட்ட மக்கள் கெல்லி மாளிகையை நன்கறிவர். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1926-இல் லிஸ்பன் நகரில் காலமானதால், தமிழ்த் தொழிலாளரும் பாடுபட்டு எழுப்பிய அம்மாளிகை முற்றுப் பெறாமல் நின்றுவிட்டது. அதனைப் பற்றிய இரண்டு கூற்றுகளை ஆராய்வோம்.

'கெல்லி ஸ்மித் 1926-இல் இறந்தார்' என்பது முதற் கூற்று. மரணப் பதிவில் வேறோர் ஆண்டு காணப்படின், இது தவறென்று தீர்ந்துவிடும். 'மாளிகையில் ஆவி உலவுகிறது; நம்புகிறவர் கண்ணுக்கே அது தென்படும்' என்பது இரண்டாவது. நூறு இரவு காவலிருந்து ஒன்றும் காணாவிடினும், 'உமக்கு நம்பிக்கையில்லை' என்று கூறித் தப்பித்துக்கொள்ளலாம்.

முதல் வகையை ஆங்கிலத்தில் 'ஃபால்சிஃபையபிள்' என்பர். 'ஃபால்ஸ்' என்றால் தவறானது. 'ஃபால்சிஃபையபிள்' என்றாலோ, தவறாயிருப்பின் அதனை நிறுவ வழியுள்ளது என்பதே பொருள். ஆகவே உண்மையான கூற்றும் 'ஃபால்சிஃபையபிள்' ஆகலாம். அறிவியற் கூற்றுக்கு இதுவே அடையாளம் என்று கார்ல் பாப்பர் என்னும் அறிஞர் 1934-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். 'டெஸ்டபிள்' என்பது சோதிக்கத்தக்கது எனப் பொருள்படும். 'டினை' என்றால் வெறுமனே மறுத்தல். 'ரெஃப்யூட்' என்றால் சான்று காட்டித் தவறென்று நிறுவுதல்.

நம் தொழிலிலேயே சிறந்த சான்று உண்டு. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டப் பொறுப்பேற்ற ரிட்லி, முன் வெட்டிய கீற்றையே மெல்லச் சீவினால் மரம் கெடாது, பாலும் தொடர்ந்து சுரக்கும் என்று கண்டார். மரங்கள் பட்டுப்போயிருந்தால் அக்கருத்து பொய்த்திருக்கும். மரங்கள் நிலைத்தன, கருத்தும் நிலைத்தது. இன்றும் நமது கத்தி அவ்வழியே செல்கிறது.

இவ்வேறுபாடு ஏட்டோடு நிற்பதன்று. நீரிழிவைத் தீர்க்கும் மருந்தென்று ஒருவர் தோட்டத்திற்கு வந்து விற்கிறார் எனக் கொள்வோம். 'குணமானால் மருந்தின் பெருமை. குணமாகாவிட்டால் உங்கள் பத்தியத்தின் குறை' என்கிறார். அவர் பேச்சை எவ்விளைவாலும் பொய்யாக்க இயலாது. அதை நம்பி மருத்துவமனை மருந்தை நிறுத்தினால், பணத்தோடு காலும் கண்ணும் போகக்கூடும். 'எத்தனை நாளில், இரத்தச் சர்க்கரை எந்த அளவுக்குக் குறையும்? குறையாவிடில் மருந்து பயனற்றதென்று ஒப்புக்கொள்வீரா?' என்று கேட்போமாக. நேர்மையானவர் விடை கூறுவார்.

பயிற்சி: 'இன்று மாலை மழை பெய்யும்', 'மழை பெய்யலாம், பெய்யாமலும் போகலாம்' – இவற்றுள் 'ஃபால்சிஃபையபிள்' எது? பிள்ளைகளோடு அமர்ந்து காரணம் கூறுக.