பத்தடி அறையில் ஓர் ஓவியக்கூடம்

முன்னுரை

நம் பேரவையில் தூரிகை பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. நாடக விழாவுக்கு மேடைத்திரை தீட்டுவார்கள். பொங்கல் விழாவுக்குப் பதாகை எழுதுவார்கள். ஆண்டிதழுக்கு அட்டைப்படம் வரைவார்கள். அவர்களையே பட்டம் பெற்ற ஐந்தாம் ஆண்டில் சந்தித்து, "இப்போது என்ன வரைகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பலரும் சிரித்து மழுப்புவார்கள். "நேரமில்லை" என்பார்கள்.

நேரமில்லை என்பது உண்மைதான். ஆயினும் அதற்குப் பின்னால் இன்னொரு காரணம் ஒளிந்திருப்பதாக நான் கருதுகிறேன். நான் பகலில் கணக்காய்வுப் பணி செய்பவன், இரவில் வரைபவன். வேலை நாளில் எனக்குக் கிடைப்பது இரவு 8.30 முதல் 10 மணி வரை, அதாவது 90 நிமிடம். மேசையை ஒழித்து, வண்ணங்களைத் தேடியெடுத்து, நாளிதழ் விரித்து உட்கார 25 நிமிடம்; முடித்தபின் எல்லாவற்றையும் கட்டி வைக்க 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 45 நிமிடம். பாதி நேரம் வரையாமலே கரைகிறது. களைத்து வந்த உடம்புக்கு அந்த 25 நிமிடமே மலையாகத் தெரியும். "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தோன்றும். நாளைகள் சேர்ந்து ஆண்டுகளாகிவிடும்.

எனவே வீட்டில் ஓவியத்திற்கென ஓர் இடம் ஒதுக்குவது ஆடம்பரம் அன்று. கலை நம்மை விட்டுப் போகாமல் இருப்பதற்கான வழி அது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒற்றை மாடி வரிசை வீடொன்றில், பத்தடிக்குப் பத்தடி அறையில் நான் கடைப்பிடிக்கும் முறைகளை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

1. எவ்வளவு இடம் வேண்டும்?

இத்தாலிய ஓவியர் ஜார்ஜியோ மொராண்டி (1890 - 1964) பொலோனியா நகரில் தம் மூன்று சகோதரிகளுடன் ஒரே வீட்டில் வாழ்ந்தார். அவர் உறங்கிய அறையே அவருடைய ஓவியக்கூடமாகவும் இருந்தது. சில புட்டிகள், கிண்ணங்கள், குவளைகள், ஒரு மேசை. இவற்றையே இடம் மாற்றி வைத்துப் பல்லாண்டுகள் வரைந்தார். இருபதாம் நூற்றாண்டின் சிறந்த ஓவியர்களுள் ஒருவராக உலகம் அவரைப் போற்றுகிறது. ஆகவே இடம் சிறியது என்பது தடையாகாது. ஆனால், அந்த இடம் நாள்தோறும் கலைக்கப்படாமல் இருக்க வேண்டும்.

உட்கார்ந்து வரைபவருக்கு நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள மேசை போதும். நின்று வரைபவருக்கு ஓவியத் தாங்கியின் முன்னால் ஆறடியாவது வெற்றிடம் தேவை. கையெட்டும் தூரத்தில் நின்று பார்த்தால் பகுதிகள் தெரியும், முழுமை தெரியாது. இரண்டு எட்டு பின்னால் வைத்தால்தான் படத்தின் சமநிலை புலப்படும். அறையில் அந்த இடம் இல்லையென்றால் கதவுக்கு நேர் எதிரே தாங்கியை நிறுத்துங்கள். கூடத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

2. நம் ஊர்ச் சூரியனும் நூல்களின் வடக்குச் சாளரமும்

ஓவிய நூல்களைப் புரட்டினால், ஓவியக்கூடத்திற்கு வடக்கு நோக்கிய சாளரமே சிறந்தது என்று எழுதியிருக்கும். அது ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வாழ்பவர்களுக்காகச் சொல்லப்பட்டது. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கு வானில் நிற்கும். ஆகவே வடக்குச் சாளரத்தில் நேர் வெயில் விழாமல், வானத்தின் மென்மையான ஒளி மட்டும் சீராக வரும்.

நம் நிலை வேறு. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையிலும் சிங்கப்பூர் 1 பாகையை ஒட்டியும் உள்ளன. மார்ச் மாத இறுதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை கோலாலம்பூரின் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். எஞ்சிய மாதங்களில் தெற்கே சாயும். எனவே வடக்குச் சாளரமும் ஜூன் மாதத்தில் வெயிலைப் பார்க்கும். எனினும் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்பதால், கூரை இரண்டடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வடக்கு, தெற்குச் சாளரங்களுக்கு அந்த நிழலே காவல். உண்மையான தொல்லை கிழக்கு, மேற்குச் சாளரங்களில்தான். சாய்ந்த வெயில் நேரே உள்ளே புகுந்து தாளில் கண்கூசும். நீர்வண்ணம் கலக்கும் முன்பே காய்ந்துவிடும்.

வரிசை வீட்டில் சாளரம் முன்புறமோ பின்புறமோதான் இருக்கும். திசையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நமக்கு இல்லை. அதற்கு எளிய தீர்வு ஒரு பழைய வெள்ளை வேட்டி. ஒற்றை மடிப்பாகச் சாளரத்தில் கட்டிவிட்டால் வெயில் சிதறி மென்மையான ஒளியாக மாறும். நிறமுள்ள திரைச்சீலை வேண்டா. பச்சைத் திரை பச்சை ஒளியைத்தான் தரும். சுவரும் அப்படியே: வெள்ளையோ வெளிர் சாம்பலோ நலம்.

வலக்கையால் வரைபவருக்கு ஒளி இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும், இடக்கையருக்கு வலப்பக்கத்திலிருந்து. இல்லாவிடில் நம் கை நிழல் நாம் வரையும் கோட்டின் மீதே விழும்.

3. இரவு விளக்கு

வேலை முடிந்து வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். ஆகவே நம்மில் பலருக்கு உண்மையான ஒளி, மின்விளக்குதான். விளக்கு வாங்கும்போது பெட்டியில் இரண்டு எண்களைப் பாருங்கள்.

முதலாவது, கெல்வின் அளவு. 2700 முதல் 3000 வரை மஞ்சள் ஒளி. 6500 நீலம் கலந்த வெண்மை. நம் கடைகளில் 'டேலைட்' என்ற பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் 6500. ஓவியத்திற்கு 5000 ஏற்றது. நீல ஒளியில் வரைந்த படத்தை மஞ்சள் விளக்கு எரியும் கூடத்தில் மாட்டினால், சிவப்பும் மஞ்சளும் தூக்கலாகத் தெரியும்.

இரண்டாவது, சி.ஆர்.ஐ. எனப்படும் நிறக்காட்டு எண். இதன் உச்சம் 100. 90 அல்லது அதற்கு மேல் உள்ள விளக்கையே வாங்குங்கள். 80 உள்ள விளக்கில் ஆழ்ந்த சிவப்பு மங்கித் தெரியும். மனிதத் தோலின் நிறத்தைத் தீட்டுவோருக்கு இது பெரிய இடையூறு. அறையில் இரண்டு விளக்குகள் இருந்தால் இரண்டும் ஒரே வகையாக இருக்கட்டும்.

4. பொருள்களை அடுக்கும் முறை

"எல்லாவற்றையும் ஒழுங்காக வை" என்பது பயனில்லாத அறிவுரை. எதை எங்கே வைப்பது என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். என் அளவுகோல் இது: நாள்தோறும் தொடுவது கையெட்டும் தூரத்தில், வாரம் ஒருமுறை தொடுவது எழுந்து நின்றால் எட்டும் தூரத்தில், ஆண்டுக்கு ஒருமுறை தொடுவது அலமாரியின் மேல்.

நாள்தோறும் நான் தொடுபவை ஆறு தூரிகைகள், பன்னிரண்டு வண்ணங்கள், பென்சில், அழிப்பான், துணி, இரண்டு தண்ணீர்க் குவளை. இவ்வளவே. தூரிகைகளுக்கு மைலோ டின் போதும். ஈரத் தூரிகையை முடி மேலே இருக்கும்படி நிறுத்தினால் தண்ணீர் பிடிக்குள் இறங்கி, பசை இளகி, முடி கொட்டும். படுக்கையாக உலர்த்திய பிறகே டின்னில் நிறுத்துங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈரமும் உலர்வும் ஒரே பக்கத்தில் இருக்கக் கூடாது. தண்ணீரும் வண்ணத்தட்டும் வலப்பக்கம். தாளும் முடித்த படங்களும் இடப்பக்கம். கை தவறித் தட்டினாலும் தண்ணீர் படத்தின் மேல் பாயாது.

5. பங்கிட்டுக்கொண்ட அறை

மேலே சொன்ன பத்தடி அறை முழுவதும் என்னுடையதன்று. அதில் பாதி அம்மாவின் தையல் இயந்திரத்துக்கு உரியது. அம்மா இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கிருந்துதான் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். அந்த வருமானத்தில்தான் நான் படித்தேன். நான் ஓவியத்திற்கு இடம் கேட்டபோது அம்மா மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார்: "உன் சாயம் யாரு பட்டுத் துணியிலயாவது பட்டுச்சுன்னா, நான் அவங்களுக்கு என்னய்யா பதில் சொல்றது?"

நியாயமான கேள்வி. துணி வெட்டும் சுண்ணக்கட்டியால் அம்மாவே தரையில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டின் மேல் பழைய புத்தக அலமாரி ஒன்றை முதுகு அவர் பக்கம் இருக்கும்படி நிறுத்தினோம். எண்ணெய் வண்ணம் வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தேன். அக்காள் மகனுக்கு ஆஸ்துமா உண்டு. டர்பன்டைன் நெடி அவனுக்கு ஆகாது. நீர்வண்ணமும் அக்ரிலிக்கும் மட்டுமே என்று ஆயிற்று. அக்ரிலிக் காய்ந்துவிட்டால் துணியிலிருந்து போகாது என்பதால், அதைப் பயன்படுத்தும் நாளில் அம்மாவின் பக்கம் துணி எதுவும் வெளியில் இருக்காது. தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதங்கள் அறை முழுவதும் அம்மாவுக்கே. நான் வரைபுத்தகத்தோடு முன் வாசலுக்குப் போய்விடுவேன்.

இதை எழுதக் காரணம் உண்டு. நம் வீடுகளில் தனியறை என்பது அரிது. பிறர் இடத்தைப் பிடுங்கி அமைத்த ஓவியக்கூடம் நிலைக்காது. யாருக்கு எப்போது எந்த இடம் என்று முதலிலேயே பேசி முடித்துவிட்டால், வீட்டாரே அதற்குக் காவலாவார்கள். இப்போது என் மேசையில் யாராவது பையை வைத்தால், எனக்கு முன் அம்மா குரல் கொடுக்கிறார்.

6. ஈரப்பதம் என்னும் பகை

நம் நாட்டில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. 65 முதல் 70 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தாலே பூஞ்சணம் வளரத் தொடங்கும். நல்ல நீர்வண்ணத் தாள்களுக்கு ஜெலட்டின் பூசுவார்கள். நீர்வண்ணத்தில் அரபிக் கோந்து இருக்கும். இரண்டும் பூஞ்சணத்துக்கு நல்ல உணவு. மூன்று ஆண்டு உழைப்பு மூன்று மாத மழையில் புள்ளி புள்ளியாகிவிடும். ஆகவே,

அ) படங்களையும் தாள்களையும் வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். இரண்டு அங்குல இடைவெளி விடுங்கள். மாட்டிய படத்தின் சட்டத்துக்குப் பின்னால் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் காற்று போய்வரும்.

ஆ) முடித்த படங்களை, இடையிடையே அமிலமற்ற தாள் வைத்து, மூடியுள்ள நெகிழிப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறும் வகையை வாங்கினால், ஈரம் நிறைந்ததை அதுவே காட்டும். படம் முழுமையாகக் காய்ந்த பிறகே பெட்டியை மூட வேண்டும்.

இ) நீர்வண்ணப் பெட்டியை ஈரத்தோடு மூடாதீர்கள். ஓர் இரவு திறந்தே காயட்டும்.

ஈ) குளிரூட்டியை நிறுத்தியவுடன் சாளரத்தைத் திறக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியிலும் படத்திலும் வெளிக்காற்றின் ஈரம் நீராகப் படியும். கண்ணாடிச் சட்டமிடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே அட்டை விளிம்பு வைப்பதும் இதற்காகவே.

7. நெருப்பு, நச்சு, கொசு

எண்ணெய் வண்ணம் பயன்படுத்துவோர் ஒன்றை மறக்கக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காய்வது நீர் ஆவியாவதைப் போன்றதன்று. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அப்போது வெப்பம் வெளிப்படும். எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டால் அந்த வெப்பம் உள்ளேயே சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே துணி பற்றிக்கொள்ளக்கூடும். துணியை நீரில் நனைத்து, மூடியுள்ள உலோக டின்னில் போட்டு வையுங்கள்.

காட்மியம், கோபால்ட் கலந்த வண்ணங்கள் உடலுக்குள் போகக் கூடாதவை. தூரிகை முனையை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சாப்பாட்டுக் குவளையும் தூரிகைக் குவளையும் ஒரே நிறத்தில் இருக்கவே கூடாது. வண்ணப் பொடியையும் காய்ந்த வண்ணத்தையும் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

கொசுவைப் பற்றி வெளிநாட்டு நூல்கள் பேசுவதில்லை. நாம் பேசியாக வேண்டும். ஏடிஸ் கொசு தெளிந்த தேங்கிய நீரில் முட்டையிடும். ஒரு வாரம் முதல் பத்து நாளில் புதுக் கொசு பறந்துவிடும். தேர்வுக் காலத்தில் மேசையில் மறந்துவிட்ட தண்ணீர்க் குவளை வீட்டுக்கே டிங்கி காய்ச்சலைக் கொண்டுவரலாம். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கொசு வளர இடங்கொடுப்பது மலேசியாவில் குற்றமும் ஆகும். வரைந்து முடித்ததும் குவளையைக் கவிழ்த்து வைப்பதே வழக்கமாகட்டும்.

முடிவுரை

இவற்றையெல்லாம் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இந்த வார இறுதியில் அளவுநாடாவோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். நான்கடிக்கு இரண்டடி எங்கே கிடைக்கும் என்று பாருங்கள். அந்த இடம் யாருடையதோ அவரிடம் பேசுங்கள். ஒரு மேசை, ஒரு நல்ல விளக்கு, ஒரு டின் தூரிகை, மூடியுள்ள ஒரு பெட்டி. தொடக்கத்துக்கு இவை போதும். விடுதியில் தங்கியிருக்கும் தம்பி தங்கையருக்கு மேசையே கிடைக்காமல் போகலாம். அவர்கள் எல்லாப் பொருளும் அடங்கும் ஒரு பெட்டியை ஆயத்தமாக வைத்திருக்கட்டும். மூடியைத் திறந்தால் வரையத் தொடங்க வேண்டும், அதுதான் கணக்கு.

உட்கார்ந்த ஐந்தாம் நிமிடத்தில் முதல் கோடு விழுகிறதா? அப்படியானால் உங்கள் ஓவியக்கூடம் சரியாக அமைந்துவிட்டது என்று பொருள். ஐந்தாண்டு கழித்து, "இப்போது என்ன வரைகிறீர்கள்?" என்று உங்களைக் கேட்பவருக்குக் காட்ட, கையில் ஏதேனும் இருக்கும்.