முன்னேற்றத்துக்குக் காரணம் மின்துடிப்பா, பயிற்சியா?

மாணவர்களே, 1 முதல் 13 வரையிலான எண்களையும் ஏ முதல் எல் வரையிலான ஆங்கில எழுத்துகளையும் ஒரு தாளில் கலந்து எழுதுங்கள். பிறகு 1, ஏ, 2, பி, 3, சி என மாறி மாறிக் கோட்டால் இணையுங்கள். எத்தனை விநாடி பிடித்தது?

கவனத்தையும் சிந்தனை வேகத்தையும் அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் சோதனை இது. விபத்தில் தலையில் பலத்த அடிபட்டவர்கள் பலர், நடக்கவும் பேசவும் முடிந்தாலும், இதில் தடுமாறுவார்கள். ஒரு பக்கம் படிப்பதற்குள் மூளை சோர்ந்துவிடும். படிப்பும் வேலையும் பாதியில் நின்றுவிடும்.

இதற்குக் காரணம் என்ன? மூளையின் நடுவே தலாமஸ் என்ற பகுதி உள்ளது. அதிலுள்ள ஒரு சிறு நரம்பணுத் தொகுதி, மூளையின் முன்பகுதியைச் சுறுசுறுப்பாக வைத்திருக்கிறது. பலத்த அடியால் இந்த இணைப்புகளில் பல அறுந்துபோகின்றன. எஞ்சிய நரம்பணுக்கள் உயிரோடு இருந்தும் போதிய தூண்டல் இன்றி மந்தமாகின்றன. அவை அணைந்த விளக்குகள் அல்ல, மங்கி எரியும் விளக்குகள்.

அந்தத் தொகுதியில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தி, மார்புத் தோலுக்கு அடியில் வைத்த கருவியிலிருந்து மின்துடிப்புகளை அனுப்புவதே ஆழ்மூளைத் தூண்டல். பார்க்கின்சன் நோயாளிகளின் நடுக்கத்தைக் குறைக்க இம்முறை ஏற்கெனவே பயன்படுகிறது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில், தலையில் அடிபட்டுச் சில ஆண்டுகளுக்கும் மேலான ஐவரிடம் இது சோதிக்கப்பட்டது. நாளுக்கு 12 மணி நேரமாக ஏறத்தாழ மூன்று மாதம் தூண்டல் தரப்பட்டது. 2023இல் வெளியான முடிவின்படி, நீங்கள் செய்த அதே சோதனையை அவர்கள் 15 முதல் 52 விழுக்காடு வேகமாக முடித்தனர்.

இப்போது உங்கள் சோதனையை மீண்டும் செய்து பாருங்கள். கருவி ஏதும் இல்லாமலே உங்கள் வேகமும் கூடியிருக்கலாம். அது பயிற்சியின் விளைவு. அப்படியானால், அந்த ஐவருக்கும் உதவியது மின்துடிப்புதான் என்று எப்படிச் சொல்வது?

அதை அறிய, சிலரின் கருவியை அவர்களுக்குத் தெரியாமல் நிறுத்திப் பார்க்க ஆய்வாளர்கள் திட்டமிட்டனர். இருவர் மறுத்துவிட்டனர். மீண்டு வந்த வாழ்க்கையை இழக்க அவர்கள் விரும்பவில்லை. இணங்கிய மூவரில் ஒருவருக்குக் கருவி நிறுத்தப்பட்டது. மூன்று வாரத்தில் அவர் வேகம் 34 விழுக்காடு குறைந்தது.

இது நல்ல தடயம். முழுச் சான்று அன்று. ஐவர் மிகக் குறைவு. மூளை அறுவைச் சிகிச்சையில் இரத்தக்கசிவு, தொற்று ஆகிய ஆபத்துகளும் உண்டு. எனவே பெரிய ஆய்வுகள் தேவை.

சிந்திக்க: மறுக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. அதை மதித்துக்கொண்டே இந்த ஆய்வை நியாயமான சோதனையாக எப்படி அமைப்பீர்கள்?